ஜட்ஜ் உட்கார்ந்த இடம்

அத்தியாயம் 7

நாலு மணிக்கு வேன் கிளம்பும். இப்போது மணி இரண்டு இருபது.

ரேடியோவின் மண்டையில் இதைத் தவிர வேறு எதுவும் ஏறவில்லை. ரேடியோ என்பது அவனுக்கு யாரும் ஆசையாக வைத்த பெயர் அல்ல. வாயை மூடத் தெரியாத குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை. வயது முப்பது. வக்கீலம்மாவிடம் ஆறு வருடமாக உதவியாளன். சாவு வீட்டுக்குப் போனால்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு, அடி வாங்காமல் திரும்புகிறவன். இன்றைக்கு அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது அவனைத் தூக்கி வளர்த்த அக்கா.

விஷயம் இதுதான். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. குண்டு வைக்கிறவனுக்கு எல்லைக்கோடு ஒரு பொருட்டே இல்லை என்பது இரண்டு அரசாங்கங்களுக்கும் ஒருவழியாக உறைத்தது. இரண்டும் கூடிப் பேசி, பாலத்தின் இந்த முனையில் கூட்டுப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் திறந்தன. இரண்டு நாட்டுப் போலீசும் ஒரே மைதானத்தில் ஓடினார்கள், ஒரே பாடத்தைப் படித்தார்கள், வெடிமருந்தை மோப்பம் பிடிக்க நாய்க்குட்டிகளை ஒன்றாகப் பழக்கினார்கள். அந்த நாய்கள் பாலத்துக் காவலுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. வந்து என்ன பிரயோஜனம்? பதினோரு நாளைக்கு முன்னால் அக்கரைச் சந்தையில் குண்டு வெடித்து ஒன்பது பேர் போய்விட்டார்கள்.

அக்கா அந்தப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. இன்று காலை முதல்முறையாக ஊழியர்களின் பைகளையும் நாய்களிடம் காட்டினார்கள். இக்கரை நாய் அக்காவின் பைக்கு முன்னால் உட்கார்ந்தது. உட்கார்ந்தால் வெடிமருந்து என்று அர்த்தம். அக்கரை நாயைக் கூட்டி வந்தார்கள், அதுவும் உட்கார்ந்தது. பையைப் பிரித்தால் உள்ளே வெடிமருந்து இல்லை. இல்லாமல் போனதுதான் வினையாயிற்று. கொண்டுவந்ததை யாரிடமோ கைமாற்றிவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். இரண்டு நாட்டு நாயும் உட்கார்ந்தால் ஒப்பந்தப்படி கைது. சந்தை வழக்கு அக்கரையில் நடப்பதால் ஆளை அங்கே ஒப்படைக்க வேண்டும். அங்கே இருப்பது விசேஷச் சட்டம்: ஆறு மாதத்துக்கு வக்கீல் கிடையாது, உறவுக்காரர் கிடையாது, ஆள் எந்த ஊரில் இருக்கிறாள் என்ற தகவல்கூடக் கிடையாது.

"சாப்பிட்டியாடா?" என்றாள் அக்கா கம்பிக்குப் பின்னாலிருந்து.

"நீ முதல்ல உன்னைப் பாருக்கா."

"எனக்கு என்ன. ஒரே கேள்வியை நாப்பது தடவை கேட்டுட்டாங்க. யார்கிட்ட கொடுத்தே, யார்கிட்ட கொடுத்தேன்னு. நான் யார்கிட்டடா என்னத்தைக் கொடுப்பேன்? நாலு மணிக்குப் பசங்களை அனுப்பணும். சின்ன ஆயாவுக்கு ஒருத்தியா சமாளிக்க வராது."

"நாய் உட்கார்ந்ததுக்கு மனுஷியை உள்ள வச்சிருக்காங்க. நாய் படுத்திருந்தா தூக்குல போட்டிருப்பாங்க போல" என்றான் ரேடியோ. அக்கா சிரித்தாள். அதற்குள் காவலர் நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

தாழ்வாரத்தில் வக்கீலம்மா பெஞ்சில் உட்கார்ந்து சோதனைப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருடம் கோர்ட்டில் வாதாடியவர். வாதாடி அலுத்துப்போய்த் துப்பறிய வந்தவர். எந்தக் காகிதத்தையும் கடைசி வரியிலிருந்துதான் படிப்பார். மேலே இருப்பது அவர்கள் சொல்ல நினைத்தது, கீழே இருப்பது அவர்களுக்கு வேண்டாதது, நமக்கு வேண்டியது அங்கேதான் கிடக்கும் என்பது அவர் கட்சி.

"ரேடியோ, உங்க அக்கா டிபன் பாக்ஸ்ல என்ன?"

"சோறு, பொரியல். காலைல நான்தான் மூடி வச்சேன்."

"அப்போ பையோட தையல் மடிப்புல 'காய்ந்த மாவு, சிறிதளவு'ன்னு எழுதியிருக்காங்களே. இது எங்கேருந்து வந்தது?"

"மாவுதானே வக்கீலம்மா. மாவு வெடிக்காது. வெடிச்சா எங்க வீட்டு அடுப்படி எப்பவோ போயிருக்கும்."

"அதனாலதான் கடைசி வரில போட்டிருக்காங்க" என்று எழுந்தார் வக்கீலம்மா. "வா. ஜட்ஜைப் பார்க்கணும்."

ஜட்ஜ் என்பது இக்கரை நாயின் செல்லப் பெயர். அது உட்கார்ந்தால் தீர்ப்பு, அப்பீலே கிடையாது என்று அதைப் பழக்கிய ஏட்டு வைத்த பெயர். நாய்க் கொட்டடிக்கு வெளியே ஏட்டு அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஜட்ஜ் பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருந்தது. ரேடியோ அதை முறைத்துப் பார்த்தான். அது வாலை ஆட்டியது.

"இதுக்கு வெடிமருந்து வாசனையை எப்படிப் பழக்கினீங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"எல்லாம் பெட்டிதாம்மா. ஒரே பெட்டி. அக்கரைலேருந்து வந்தது. அவங்க சரக்கை நம்ம ஆளுங்க நம்பமாட்டாங்க, நம்ம சரக்கை அவங்க நம்பமாட்டாங்க. அதனால பொதுவா ஒரு பெட்டி, அதுல ஆறு பொட்டலம். ரெண்டு பூட்டுப் போட்ட அலமாரில இருக்கும். ஒரு சாவி, எப்பவும் சாவிக்கொத்தோட திரியற நம்ம பக்கத்து சாவி சார்கிட்ட, இன்னொண்ணு அக்கரை அதிகாரிகிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் திறக்கும். பொட்டலத்தை ஒளிச்சு வைப்போம், கண்டுபிடிச்சு உட்கார்ந்தா பந்து கொடுப்போம். அவ்வளவுதான் வித்தை."

"பொட்டலத்துக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க பார்த்ததுண்டா?"

"துணில தைச்சு அரக்கு முத்திரை வச்சிருக்கும்மா. பிரிச்சா வேலை போயிடும்."

"பரீட்சையும் அதே பொட்டலத்தை வச்சுத்தானா?"

"அதே பொட்டலம்தான். நூத்துக்கு நூறு வாங்கினான் ஜட்ஜ். அக்கரை நாய் ராணியும் நூறு." ஏட்டு நாயின் கழுத்தைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, உங்க அக்காவுக்கு நடந்தது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. இவன் தப்பே பண்ணமாட்டான். இவன்கிட்ட ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் உண்டு, அதுவும் பாசத்துல."

"என்ன பழக்கம்?"

"பாலத்துக்குக் கூட்டிட்டுப் போறப்ப காப்பகம் வழியாத்தான் போகணும். தினமும் அந்த வாசல்ல உட்கார்ந்துடுவான். இழுத்தாலும் வரமாட்டான். பசங்கன்னா அவ்வளவு உயிர்."

வக்கீலம்மா ஏட்டின் பக்கம் நெருங்கி வந்தார்.

"மைதானத்துல பசங்க விளையாடுறப்ப உட்காருவானா?"

"இல்லம்மா."

"ரோட்டுல பசங்க போனா?"

"இல்ல. திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்." ஏட்டின் முகம் மெல்ல மாறியது.

"பாசத்துல உட்கார்ற நாய் வாலை ஆட்டும். அந்த வாசல்ல வாலை ஆட்டினானா?"

ஏட்டு ஜட்ஜைப் பார்த்தார். யோசித்துப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. கடைசியில், "மூக்கை நீட்டி, வாலை அசைக்காம, கல்லு மாதிரி உட்காருவான். பொட்டலத்தைக் கண்டா எப்படி உட்காருவானோ அப்படி" என்றார்.

"வக்கீலம்மா, ஜட்ஜ் ஆறு வாரமா ஒரே தீர்ப்பைப் படிச்சிருக்கார். நாமதான் கோர்ட்டுப் பக்கமே போகலை" என்றான் ரேடியோ. மணி இரண்டு ஐம்பது.

காப்பகம் மூன்று நிமிட நடை. ஜட்ஜையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசற்படி வந்ததும் ஜட்ஜ் உட்கார்ந்துவிட்டது. ஏட்டு இழுக்காமல் வாரை விட்டார். நாய் எழுந்து உள்ளே போனது. தூங்கிக்கொண்டிருந்த பதினைந்து குழந்தைகளைத் தாண்டியது. பாய்களையும் பால் புட்டிகளையும் தாண்டியது. சுவரோரம் இருந்த தாழ்வான அலமாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.

அலமாரியில் குழந்தைகள் உருவம் பிடித்து விளையாடும் கலர் களிமண் டப்பாக்கள் இருந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். மேல் தட்டில் பிள்ளைகள் செய்து வைத்த உருவங்கள். நடுவில் ஒரு வெள்ளை முயல்.

ரேடியோ கிட்டே போய்ப் பார்த்தான். அந்த முயலை அவனுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்து வெள்ளைக் களிமண்ணை எண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். இவனும் ஒரு காது பிடித்துக் கொடுத்தான். முயலுக்கு வைத்த காது கழுதைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று அவளே கேலி பண்ணினாள். அந்தக் களிமண்ணைத்தான் அவள் அந்தப் பையில் எடுத்துப் போனாள். வக்கீலம்மா மாவு என்று சொன்னபோதும் இவன் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

"மாவில்ல வக்கீலம்மா, களிமண்ணு" என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அக்கா பையில இருந்தது களிமண்ணு. நாய்ங்க களிமண்ணுக்குத்தான் உட்காருது."

"சந்தேகமே வேண்டாம், பார்த்துடலாம்" என்ற வக்கீலம்மா நீல டப்பாவிலிருந்து ஓர் உருண்டையைக் கிள்ளி ஏட்டின் தொப்பிக்குள் போட்டுத் தரையில் வைத்தார். ஜட்ஜ் தொப்பியை முகர்ந்தது, உட்கார்ந்தது, பந்துக்காக ஏட்டின் முகத்தைப் பார்த்தது.

ஏட்டு சுவரில் சாய்ந்துவிட்டார். "அப்போ நான் மூணு மாசமா இவனுக்கு என்னம்மா சொல்லிக் கொடுத்தேன்?"

"பொட்டலத்துல என்ன இருந்ததோ அதை. நாய் தப்புப் பண்ணல. பாடப்புத்தகம்தான் மாறியிருக்கு. யாரோ வெடிமருந்தை எடுத்துட்டுக் களிமண்ணை வச்சுத் தைச்சிருக்காங்க." வக்கீலம்மா சின்ன ஆயா பக்கம் திரும்பினார். "வெள்ளை டப்பா எங்கேம்மா?"

"ரொம்ப நாளா இல்லம்மா. யாரோ முழுசா வாங்கிட்டுப் போயிட்டாங்க. யாருன்னு பெரியக்காவுக்குத்தான் தெரியும். அப்போ நான் வேலைக்கே வரல. பாப்பா ஒருத்தி வெள்ளை இல்லாம முயல் பண்ண முடியலைன்னு ரெண்டு நாள் அழுதா. அக்காதான் போன வாரம் இதெல்லாம் வாங்கின அதே கடைல தன் கைக்காசுல வாங்கிட்டு வந்தாங்க."

பெரியக்கா என்றால் அக்கா. நாற்பது தடவை கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொரு கேள்வியை ஒரே ஒரு தடவை அவளிடம் கேட்டிருந்தால் வழக்கு காலையிலேயே முடிந்திருக்கும். ரேடியோ ஒரு பிடி மஞ்சள் களிமண்ணை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டான். ஏன் எடுத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

அக்கரை அதிகாரியின் அறைக்குள் நுழைந்தபோது மணி மூன்று பதினைந்து. அவர்தான் பயிற்சிக்கெல்லாம் தலைவர். நெடிய மனிதர், சட்டைக் கையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார். சந்தையில் செத்த ஒன்பது பேரில் ஒருவன் அவருடைய தம்பி. பதினோரு நாளாக அவர் அழுது யாரும் பார்க்கவில்லை, தூங்கியும் பார்க்கவில்லை.

வக்கீலம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "களிமண்" என்றார்.

"ஆமாம் சார். அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தைப் பிரிச்சுப் பாருங்க. அஞ்சு நிமிஷம் போதும்."

"அந்தப் பெட்டிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். முதல் நாள்லேருந்து ரெண்டு பூட்டு, ரெண்டு சாவி. ஒருத்தர் இல்லாம ஒருத்தர் தொட முடியாது."

"முதல் நாள்லேருந்தா?"

அதிகாரியின் பேனா நின்றது. நேர்மையான ஆள், பொய் சொல்ல வரவில்லை. "ரெண்டாவது பூட்டு வர மூணு நாள் ஆச்சு. திறப்பு விழாவுக்கு ரெண்டு பக்கமும் மந்திரிங்க வர்றாங்க, காகிதம் முழுசா இருக்கணும்னு முதல் தேதி போட்டுட்டோம். இது எல்லா ஆபீஸ்லயும் நடக்கிறதுதான்."

"அந்த மூணு நாள் ஒரு பூட்டோட பெட்டி யார் பொறுப்புல இருந்தது?"

"உங்க பக்கத்து ஆள். சாவி சார். அவரை மாதிரி ஒழுங்கான ஆளை நான் பார்த்ததில்ல. பாலத்துச் சட்டதிட்டம் மொத்தமும் பசங்களுக்கு அவர்தான் பாடம் எடுத்தார்."

"அப்போ அவரைக் கூப்பிடுங்க சார். அலமாரியைத் திறக்க அவர் சாவியும் வேணுமே."

"அவர் இல்ல. கைதியைக் கூட்டிட்டுப் போற காவலுக்கு அவரே கேட்டு வாங்கிக்கிட்டார். பாலத்துல கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடலாம்னு நேரத்தையும் முன்னாடி மாத்திக்கிட்டார். வேன் இப்பத்தான் கிளம்பிச்சு."

வெள்ளைக் களிமண்ணை வாங்கிப் போனவன் யார் என்பது இப்போது ரேடியோவுக்குப் புரிந்தது. அக்காவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒரு பெயர். அந்தப் பெயர்க்காரனே அவளை வாய் திறக்க முடியாத இடத்துக்குக் கூட்டிப் போகிறான்.

"சார், ஒரு போன் போட்டு வேனை நிறுத்துங்க" என்றான். ஜோக் எதுவும் வரவில்லை. "உங்க காலைப் பிடிக்கிறேன் சார்."

"உன் அக்காவுக்காக நீ எதையும் சொல்லுவே" என்றார் அதிகாரி. "என் தம்பிக்காக நான் எதையும் கேட்கத் தயாரா இல்ல."

ரேடியோ ஓடினான். பின்னால் வக்கீலம்மா எதையோ சொல்வது காதில் விழுந்தது. நின்று கேட்கவில்லை. பள்ளி வாசலிலிருந்து பாலத்துத் தடுப்புக் கம்பம் வரை நேர் சாலை, முக்கால் கிலோமீட்டர் இருக்கும். அவன் கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில். அதிலும் கடைசியாகத்தான் வந்தான். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. லாரிகளும் பஸ்களும் வரிசையில் நின்றன. கம்பத்துக்கு முந்தின வண்டியாக அந்தச் சாம்பல் நிற வேன்.

உயர்த்திய கம்பத்துக்கு அடியில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அடுத்தது வேன். கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அது வேறு நாடு. அங்கே இவன் கத்தினாலும் காற்றுக்குத்தான் கேட்கும். வேனின் பின்பக்கக் கம்பிவலைக்குள் அக்காவின் சேலைத் தலைப்பு தெரிந்தது. அப்போதுதான் கையில் இருந்த மஞ்சள் களிமண் ஞாபகம் வந்தது.

வேனின் பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, களிமண்ணை அப்பி உள்ளங்கையால் அழுத்தினான்.

அக்கரைப் பெண் காவலர் ராணியை வேனைச் சுற்றி அழைத்து வந்தாள். கறுப்பு நாய், ஜட்ஜைவிட ஒல்லி. முன் சக்கரத்தை முகர்ந்தது. பக்கவாட்டை முகர்ந்தது. பின்கதவைத் தாண்டிப் போயே விட்டது. ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது ராணி திரும்பி வந்து கதவுக்கு நேரே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது.

முன் சீட்டிலிருந்து சாவி சார் இறங்கி வந்தார். வெளுத்த சட்டை, இடுப்புப் பட்டையில் சங்கிலியோடு சாவிக்கொத்து. "போலீஸ் வண்டிம்மா. கம்பத்தைத் தூக்கச் சொல்லு."

"முடியாது சார்" என்றாள் பெண் காவலர். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. "யார் வண்டியா இருந்தாலும், நாய் உட்கார்ந்தா எஞ்சினை அணைக்கணும், ரெண்டு பக்கத்து அதிகாரியும் வரணும். நீங்கதான் சார் பாடம் எடுத்தீங்க."

எஞ்சின் அணைந்தது. சாவி சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜீப் வந்து நின்றது. அக்கரை அதிகாரியும் வக்கீலம்மாவும் இறங்கினார்கள். அதிகாரி நேராக ரேடியோவிடம் வந்தார்.

"நீ என்ன பண்ணினே?"

"கதவுல ஒட்டினேன் சார்."

"போலீஸ் வண்டில பொய்த் தடயம் வச்சிருக்கே. இதுக்கு எத்தனை வருஷம் தெரியுமா?"

"எத்தனை வருஷமா இருந்தாலும் சரி சார், போயிட்டு வர்றேன். குற்றப்பத்திரிகை மட்டும் இப்பவே எழுதுங்க." மூச்சு வாங்கியதில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "நான் ஒட்டினது குழந்தைங்க விளையாடுற களிமண்ணு. உங்க நாய் அதுக்கு உட்கார்ந்துச்சு. ரெண்டையும் ஒரே வரில எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

அதிகாரி கதவருகே போனார். மஞ்சள் களிமண்ணைச் சுரண்டி விரலில் வைத்து உருட்டினார். ராணியைப் பார்த்தார். களிமண்ணை இன்னொரு கைக்கு மாற்றி நாயின் இடது பக்கம் நீட்டினார். நாய் எழுந்து இடது பக்கம் வந்து உட்கார்ந்தது. வலது பக்கம் நீட்டினார். வலது பக்கம் வந்து உட்கார்ந்தது. மூன்றாவது தடவை நீட்டாமல் களிமண்ணை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"கதவைத் திறங்க" என்றார்.

வக்கீலம்மா அக்காவிடம் கேட்டது ஒரே கேள்விதான். "காப்பகத்து வெள்ளைக் களிமண்ணை யாரும்மா வாங்கிட்டுப் போனாங்க?"

"இதையா கேக்கிறீங்க?" அக்கா விலங்கிட்ட கைகளோடு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதோ, இவர்தான். சாவி சார்தான். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முந்தி, ஆபீஸ்ல ஜன்னல் ஓட்டை அடைக்கணும்னு டப்பா மொத்தத்தையும் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் பாரும்மா, வெள்ளை இல்லைன்னு அழுததே இவரோட பாப்பாதான். முயல் வேணுமாம், மஞ்சள்ல பண்ணினா பூனைங்கிறா. பாவமா இருந்தது. அதான் கடைல வாங்கி, வீட்டுல பிசைஞ்சு எடுத்துட்டுப் போனேன். பையெல்லாம் ஒட்டிக்கிச்சு, இன்னும் கழுவலை."

பாலத்தில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. யாரும் திரும்பவில்லை.

"சாவியைக் கொடுங்க" என்றார் அதிகாரி.

சங்கிலியைக் கழற்ற சாவி சாருக்கு வெகுநேரம் பிடித்தது. கொத்தாகவே கொடுத்துவிட்டார். அதிகாரி அதை வாங்கிக்கொண்டு அவரையே பார்த்தார். திட்டியிருந்தால், அடித்திருந்தால் சாவி சார் தாங்கியிருப்பார் போலிருந்தது.

"வாங்கிட்டுப் போனவங்க குவாரிக்குன்னு சொன்னாங்க சார்" என்றார் கடைசியில். "பாறை உடைக்கன்னு. நாய்க்குட்டிக்கு எதை மோப்பம் காட்டினா என்ன, யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சேன். சந்தைல வெடிச்ச அன்னிக்குத்தான் எனக்கே…"

"இந்தப் பொண்ணை ஏன் கூட்டிட்டுப் போகணும்னு கேட்டீங்க?"

சாவி சார் அக்காவின் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

"ஆறு பொட்டலம். சந்தைல போனது ரெண்டுன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. மீதி நாலு?"

"தெரியாது சார். சத்தியமாத் தெரியாது."

அதிகாரி பாலத்தைப் பார்த்தார். பஸ்கள், லாரிகள், மூட்டை தூக்கி நடந்து போகிறவர்கள், பையில் பாடப்புத்தகம் சுமந்த பிள்ளைகள். ஆறு வாரமாக இவர்கள் எல்லோரையும் நாய்கள் முகர்ந்து, நல்லவர்கள் என்று அனுப்பிவைத்தன. அந்தச் சந்தைக்குப் போன வெடிமருந்தும் இதே வழியில், இதே நாய்க்கு முன்னால்தான் போயிருக்கும். அந்தப் பெட்டிக்கு "பரிசோதித்தேன்" என்று கையெழுத்துப் போட்டது அவருடைய கை. தம்பியைக் கொன்றது எந்தப் பெட்டி என்பது இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் முகத்தைப் பார்க்க ரேடியோவுக்குத் தைரியம் வரவில்லை.

"ரெண்டு கம்பத்தையும் இறக்குங்க" என்றார் அதிகாரி. "நாய்களைக் கொட்டடிக்கு அனுப்புங்க. ஒவ்வொரு பையையும் கையால பாருங்க. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் வரணும்." சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி ஜீப்பில் போட்டார். முதல் பஸ்ஸில் ஏறி, முதல் சீட்டில் இருந்தவரின் பையைத் தானே வாங்கித் திறந்தார்.

அக்காவின் கை விலங்கைப் பெண் காவலர் கழற்றினாள். மணிக்கட்டில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. அக்கா அதைத் தேய்த்துக்கொண்டே சாவி சாருக்கு முன்னால் போய் நின்றாள். என்ன கேட்கப்போகிறாளோ என்று ரேடியோ பயந்தான்.

"பாப்பாவை இன்னிக்கு யார் சார் கூட்டிட்டுப் போவாங்க?"

சாவி சார் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வக்கீலம்மா பஸ் படியில் நின்ற அதிகாரியிடம் காகிதத்தை நீட்டினார். அவர் விடுதலைக்குக் கையெழுத்திட்டார். இந்த முறை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் போட்டார். "காப்பகத்துல இருக்கிற அந்த முயலும் வேணும். அது சாட்சியம்" என்றார்.

"அது முடியாது சார்" என்றாள் அக்கா. காலை ஏழு மணியிலிருந்து சரி சார், சரி சார் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவள். "என்னை வேணும்னா திரும்பக் கூட்டிட்டுப் போங்க. முயல் குழந்தையோடது. இன்னிக்கு அவகிட்டேருந்து அதையும் பிடுங்க முடியாது."

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு பஸ்ஸுக்குள் போய் அடுத்த பையைத் திறந்தார்.

அக்காவும் தம்பியும் வளாகத்தைப் பார்த்து நடந்தார்கள். வக்கீலம்மா வேண்டுமென்றே பத்தடி பின்தங்கி வந்தார். வழியில் கிடந்த செருப்பை எடுத்து அக்கா தம்பியின் காலடியில் போட்டாள், அவன் மாட்டிக்கொண்டான். வரிசையில் நின்ற வண்டிகளில் சலசலப்பு தொடங்கியிருந்தது. மணி நாலாகப் பத்து நிமிடம்.

"ஏன்டா வாயை மூடிட்டு வர்றே? பயமா இருக்கு. ஏதாவது பேசு."

"என்னக்கா பேசறது?"

"பாப்பா வாசல்லேயே நிப்பா. அப்பா எங்கேன்னு கேப்பா. நீதான் நல்லா பேசுவியே, அவகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுச் சொல்லு."

காப்பகம் வந்துவிட்டது. வாசற்படியில், தினமும் ஜட்ஜ் உட்காரும் அதே இடத்தில், நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று வெள்ளை முயலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரேடியோ வாயைத் திறந்தான். அவனுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.